மூலமும் உரையும்: ‘ஹி காட் கேம்’ படமும் பப்ளிக் எனிமியின் இசைத்தொகுப்பும்

ஸ்பைக் லீ இயக்கி 1998 மே மாதம் வெளியான ‘ஹி காட் கேம்’ கூடைப்பந்தைக் களமாகக் கொண்ட படம். அதன் தொடக்க எழுத்துகள் இசைப்பொறுப்பை இரண்டாகப் பிரிக்கின்றன: இசை, ஆரன் கோப்லாண்ட், பாடல்கள், பப்ளிக் எனிமி. முன்னவர் 1990இல் மறைந்த செவ்வியல் இசையமைப்பாளர். பின்னது லாங் ஐலண்டில் உருவான ராப் குழு. திரையில் பெரும்பங்கு கோப்லாண்டுக்கே என்பதால், ஏப்ரலில் குழுவின் பெயரில் வந்த தொகுப்பை வெறும் துணைச்சரக்கென்று ஒதுக்குவது எளிது. இக்கட்டுரை அதைப் படத்துக்கு எழுந்த உரையாகக் கொள்கிறது. மூலத்தில் இல்லாத சொல்லை வருவித்துப் பொருள் முடிப்பது நம் உரையாசிரியர்களின் வழக்கம். இத்தொகுப்பு வருவித்த சொல் ‘உரிமை’ என்பது என் வாதம்.

1990களில் கூடைப்பந்துப் படங்களின் இசைத்தட்டுகள் பலர் பாட்டுகளைக் கோத்த கதம்பங்களாகவே வந்தன. 1994இல் வெளியான ‘அபவ் த ரிம்’ ஹார்லெமில் நடக்கும் கதை. அதன் தொகுப்பை வெளியிட்டதோ லாஸ் ஏஞ்சலிஸின் டெத் ரோ நிறுவனம். அதில் பெரும்புகழ் பெற்ற வாரன் ஜி, நேட் டாக் பாட்டு நடப்பது லாங் பீச் தெருவில். கதை ஒரு நிலம், பாட்டு ஒரு நிலம். லீ ஒரே குழுவிடம் முழுத் தொகுப்பையும் ஒப்படைத்ததால்தான் அதில் தொடர்ச்சியான ஒரு பார்வையைத் தேட முடிகிறது.

படத்தின் கதை ஒரு பேரம். மனைவியின் சாவுக்குக் காரணமாகி அட்டிகா சிறையில் இருக்கும் ஜேக் (டென்சல் வாஷிங்டன்) ஒரு வாரம் வெளியே விடப்படுகிறான். கோனி ஐலண்டின் பள்ளி நட்சத்திரமான மகன் ஜீசஸை (ரே ஆலன்) ஆளுநர் விரும்பும் கல்லூரியில் சேரவைத்தால் தண்டனை குறையும். முகவர், பயிற்சியாளர், உறவினர் என்று ஒவ்வொருவராக வந்து மகனுக்கு ஆசை காட்டுகிறார்கள். படம் சந்தையை மறைக்கவில்லை; ஆனால் அதை ஆள் ஆளாகக் காட்டி, இறுதியில் தந்தை மகன் பாசத்துக்குள் அடக்கிவிடுகிறது. சிறை முற்றத்தில் ஜேக் எறியும் பந்து மதிலைத் தாண்டி மகனின் களத்தில் வந்து விழுகிறது. மகன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். தந்தை இன்னும் உள்ளேதான்.

பப்ளிக் எனிமியின் தொகுப்பில் இந்த ஆறுதல் இல்லை. ஒரு பாட்டு காலணி நிறுவனங்களின் அரசியலைப் பேசுகிறது, இன்னொன்று முகவர்களை. ஆளைக் காட்டிய இடத்தில் அமைப்பைக் காட்டுவது உரையின் முதல் வேலை.

இரண்டாவது வேலையை ஒலி செய்கிறது. தலைப்புப் பாட்டின் அடித்தளம் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு 1966 டிசம்பரில் பதிவுசெய்த பாட்டு. லாஸ் ஏஞ்சலிஸில் இளைஞர் மீது விதித்த இரவு ஊரடங்கைச் சுற்றி எழுந்த கலவரம் அதன் பின்புலம். மணி அடித்தாற்போன்ற இரண்டு கிதார் சுரங்கள் மாறிமாறி ஒலிக்க, பப்ளிக் எனிமியின் ராப்பர் சக் டி அவசரமின்றிப் பேசிச் செல்கிறார். பந்தாட்டத்தின் வேகம் அதில் துளியும் இல்லை. பப்ளிக் எனிமி 1988இல் ஒரு பாட்டுக்குள் பிறர் பாட்டுகளின் பல துணுக்குகளை அடுக்கியது. இங்கோ ஒரே பழம்பாட்டு. இதைச் சுவை மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1991 டிசம்பரில் ராப்பர் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியற்ற ஒலித்துணுக்கைத் திருட்டென்று கண்டித்த பிறகு, ஒவ்வொரு துணுக்குக்கும் விலை வந்தது. ஆக, பாட்டின் வடிவத்திலேயே உரிமைச் சட்டத்தின் தடம் பதிந்திருக்கிறது.

இதே அளவுகோலைக் கோப்லாண்டின் பக்கமும் வைத்துப் பார்க்கலாம். நாடெங்கும் சிறுவர் பந்தெறியும் தொடக்கக் காட்சிக்குப் பின்னால் ஒலிப்பது அவரது ‘ஜான் ஹென்றி’. நீராவித் துளைப்பொறியோடு போட்டியிட்டு வென்று, சுத்தியல் பிடித்த கையோடு இறந்துபோன கறுப்பினத் தொழிலாளி இந்த ஜான் ஹென்றி. வெள்ளையர் இசை கறுப்பின உடலோடு சேர்ந்து ‘அமெரிக்கர்’ என்ற சொல்லை விரிக்கிறது என்பது இக்காட்சிக்குப் பழகிய வாசிப்பு. அது பாதி உண்மையே. அந்த இசையே கறுப்பினத் தொழிலாளர் பாட்டிலிருந்து கிளைத்தது. கடன் இருபுறமும் உண்டு. ஆனால் ராப் பாட்டுக்குக் கடன் கொடுத்த பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் ஸ்டீபன் ஸ்டில்ஸ் பெயரோடு வந்து தானே பாடினார். ஜான் ஹென்றியை முதலில் பாடியவர்களுக்குப் பெயரில்லை. சாகும்வரை உழைத்து வென்றவனின் கதையை, ஊதியமின்றி ஆடப்போகும் கல்லூரி வீரனுக்கு முகப்பாக வைத்த படம் இந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை.

தொகுப்பும் சந்தைக்கு வந்த சரக்குத்தானே என்று கேட்கலாம். ஆம், டெஃப் ஜாம் நிறுவனம் படத்துக்கு முன்பே அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. உரைகாரரும் ஓர் ஒப்பந்தத்துக்குள்தான் இருந்தார். ஆனால் அதன் பிறகு அக்குழு அந்நிறுவனத்தை விட்டு விலகி, அடுத்த தொகுப்பை 1999இல் இணையத்தின் வழி வெளியிட்டது. கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்ட அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் இசைந்ததோ 2021 ஜூலையில். பாடியவர்களுக்கு ஓராண்டில் கிட்டிய விடுதலை, ஆடுபவர்களை வந்தடைய இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.