நூடுல்ஸுக்கு அடியில் ஒரு கருவாடு

கியோட்டோவில் கமோ ஆற்றைக் கடக்கும் ஷிஜோ பாலத்தின் கிழக்குக் கரையில் இறங்கினால் மினாமிஸா கபுகி நாடக அரங்கு. அதை ஒட்டினாற்போல 'மட்சுபா' என்கிற சோபா நூடுல்ஸ் கடை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்கால மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து, இந்த ஊரின் அடையாளம் என்று எல்லோரும் சொன்ன 'நிஷின் சோபா' ஒன்று கேட்டேன். நிஷின் என்றால் ஹெர்ரிங் மீன். வந்த கிண்ணத்தில் ஆவி பறந்தது. தெளிந்த சாறு இருந்தது, சாம்பல் கலந்த பழுப்பில் நூடுல்ஸ் இருந்தது. மீனைத்தான் காணோம்.

மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் பரிமாறுபவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். பக்கத்து மேஜைப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தன் கிண்ணத்து நூடுல்ஸைக் குச்சியால் விலக்கிக் காட்டினார். அடியில் கரும்பழுப்பாக ஒரு மீன் துண்டம் படுத்திருந்தது. என் கிண்ணத்திலும் அதன் நுனி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உடனே மீனை மேலே இழுத்து ஒரு கடி கடித்தேன். செய்திருக்கக் கூடாத காரியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடை 1861-இல் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கான தேநீர் விடுதியாகத் தொடங்கியது. கபுகி அன்று முழுநாள் விவகாரம். இடைவேளையில் சாப்பிட, இளைப்பாற இப்படிப்பட்ட விடுதிகள் அரங்கைச் சுற்றி இருந்தன. இரண்டாம் தலைமுறைக்காரரான மட்சுனோ யொசகிச்சி 1882-இல் சோபாவோடு நிஷினைச் சேர்த்தார். பிறந்த கதை இவ்வளவுதான் என்று கடைக்காரர்கள் முடித்துவிடலாம். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிதாகத் தெரிகிறது. கியோட்டோ மலைகள் சூழ்ந்த ஊர். கடல் பக்கத்தில் இல்லை. ஹெர்ரிங் கூட்டம் கூட்டமாக வந்ததோ வடகோடியில், ஹொக்கைடோ தீவின் மேற்குக் கரையில். அந்த மீன் இந்தக் கிண்ணத்துக்குள் எப்படி வந்து படுத்தது?

கருவாடாக வந்தது. பச்சை மீன் அவ்வளவு தூரம் தாங்காது. தலையையும் குடலையும் நீக்கி, பிளந்து, கடற்காற்றில் கட்டை போலக் காய்ந்த நிஷினுக்கு 'மிகாகி நிஷின்' என்று பெயர். அதை ஏற்றிவந்தவை 'கிதமாஏபுனே' என்ற பாய்மரக் கப்பல்கள். வசந்தத்தில் ஒசாகாவிலிருந்து அரிசி, உப்பு, சாக்கே மது, பருத்தி, பழந்துணி என்று ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, ஷிமொனொசெகி நீரிணையைக் கடந்து ஜப்பான் கடல் வழியாக வடக்கே போவார்கள். குளிர் இறுகுவதற்குள் நிஷினோடும் கொம்புவோடும் திரும்புவார்கள். கொம்பு என்பது கடற்பாசி. நம் மாட்டுக் கொம்பு இல்லை. வருடத்துக்கு ஒரே நடை. இவர்கள் வெறும் கூலிக்குச் சரக்கு ஏற்றியவர்கள் இல்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் தாங்களே வாங்கி, தாங்களே விற்றார்கள். இங்கே மலிவு, அங்கே கிராக்கி. அந்த இடைவெளிதான் லாபம்.

கப்பலில் வந்த நிஷினில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. பெரிய கொப்பரைகளில் வேகவைத்து, எண்ணெயைப் பிழிந்து, மிஞ்சிய சக்கையை உலர்த்தி, மேற்கு ஜப்பானின் பருத்தி வயல்களுக்கும் அவுரி வயல்களுக்கும் உரமாக அனுப்பினார்கள். நாம் புண்ணாக்கு போடுவது மாதிரி. ஹொக்கைடோவின் தென்முனையை ஆண்ட மட்சுமாஏ சிற்றரசில் நெல் விளையாது. மற்றப் பிரபுக்களின் செல்வத்தை அரிசியால் அளந்த காலத்தில் இவர்களுக்கு வணிகமே வருமானம். நிஷினை எழுதும் சித்திர எழுத்துகளில் ஒன்று 'மீன்', 'அல்ல' என்ற இரண்டு குறிகள் சேர்ந்தது. 'இது மீன் அல்ல, எங்கள் நெல்' என்பதால் வந்த எழுத்து என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள், அந்த நெல்லை அறுத்தவர்களில் அத்தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களும் உண்டு. வணிகர்கள் நடத்திய மீன்பிடித் தளங்களில் அவர்களைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியது வரலாறு.

கியோட்டோவுக்கான சரக்கு சுருகா, ஒபாமா ஆகிய துறைகளில் இறங்கி, மலைப்பாதையில் மனிதர் முதுகிலும் குதிரையிலும், பிவா ஏரியில் படகிலுமாக வந்தது. மீனுக்கு ஏங்கிய ஊர் அந்தக் கட்டையைக் கொண்டாடியது. அரிசி களைந்த தண்ணீரில் ஒரு நாள், இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, அதன் துவர்ப்பையும் எண்ணெய்ச் சிக்கையும் போக்குவார்கள். பிறகு சோயா சாறு, சர்க்கரை, மிரின் என்ற இனிப்பு மது சேர்த்துச் சின்னத் தீயில் நெடுநேரம். கழனித் தண்ணீரில் கருவாட்டை அலசும் நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால், 'இதில் என்ன அதிசயம்' என்பார்கள். நிஷினையும் கத்தரிக்காயையும் சேர்த்துச் சமைப்பது கியோட்டோ வீடுகளில் நெடுநாள் வழக்கம். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பை உலகத்தில் நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குக் கர்வம் கொஞ்சம் இறங்கியது.

ஆக, யொசகிச்சியின் கையில் இரண்டும் தயாராக இருந்தன. ஒன்று, ஊரே சாப்பிட்டுப் பழகிய இனிப்பும் உப்புமான நிஷின். இன்னொன்று, சோபா. அது கோதுமை இல்லை; வட இந்தியாவில் நோன்பு நாளில் சாப்பிடும் குட்டு மாவின் இனம். அந்த நூடுல்ஸுக்கு மண் வாசனை உண்டு. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்றும் இருக்கும். கியோட்டோ சாறு கொம்புவில் ஊறிய, நிறம் குறைந்த, மென்மையான சாறு. இனிப்பேறிய மீனை அதன் அடியில் வைத்து, மேலே நூடுல்ஸைப் போர்த்திவிட்டால், சூட்டில் மீனின் எண்ணெயும் இனிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றில் இறங்கும். முதல் வாயில் குடிக்கிற சாறு வேறு, கடைசி வாயில் குடிக்கிற சாறு வேறு. யோசித்துப் பார்த்தால் அந்தச் சாற்றில் ஊறிய கொம்புவும், அதில் கிடக்கும் மீனும் ஒரே கப்பலில் வந்த பழைய சிநேகிதர்கள். சேர்த்துவைத்த புண்ணியம் மட்டும்தான் யொசகிச்சிக்கு.

ஆனால் 1882 என்பது அந்தக் கப்பல்களின் அந்திக்காலம். தந்தி வந்து ஒசாகா விலை வடக்கே உடனுக்குடன் தெரிந்துவிட்டது. விலை இடைவெளியில் பிழைத்தவர்களுக்கு இடைவெளியே இல்லாமல் போயிற்று. நீராவிக் கப்பலும் ரயிலும் மிச்சத்தை முடித்தன. மீனோ இன்னும் கொஞ்ச காலம் கொட்டியது. 1897-இல் ஹொக்கைடோவில் பிடிபட்ட நிஷின் கிட்டத்தட்ட 10 லட்சம் டன். 1950-களின் நடுவில் அந்தக் கூட்டங்கள் கரைக்கு வருவதே ஏறக்குறைய நின்றுபோனது. முட்டையிட வரும் கூட்டத்தின் விந்தால் கடல் பால் போல வெளுக்கும் காட்சி சில பத்தாண்டுகளாக அங்கங்கே மறுபடி தென்படுகிறது; அந்தப் பழைய அளவு திரும்பவில்லை. இன்று ஜப்பானியர் சாப்பிடும் நிஷினில் கணிசமான பங்கு வெளிநாட்டுக் கடல்களிலிருந்து வருவது.

டிசம்பர் 31 இரவு ஜப்பான் முழுக்க சோபா சாப்பிட்டுத்தான் வருடத்தை வழியனுப்புவார்கள். கியோட்டோவில் பலருக்கு அது நிஷின் சோபா.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் என்னைப் போல மீனை முதலிலேயே இழுத்து வெளியே போட்டுவிடாதீர்கள். சாற்றை ஒரு வாய் குடியுங்கள். பாதி நூடுல்ஸ் தீரும்வரை மீன் அடியிலேயே கிடக்கட்டும்.