கண்டிப் பிரதானிகளும் டொயிலியின் வாக்கும்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் வாசிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டனர் என்பதை எம்மவர் பெருமையோடு சொல்வதுண்டு. அதே ஒப்பந்தம் அரசனின் ஆண் உறவினரைப் பகைவரென அறிவித்து, வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் கண்டி நாட்டுக்குத் திரும்புவதையும் தடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. என் அக்கறை வேறு. அந்தப் பிரதானிகள் எவருடைய சொல்லை நம்பிக் கையொப்பமிட்டனர்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயரின் வாக்கு எத்தகையது என்பதைக் கண்டி பார்த்திருந்தது. 1803இல் முத்துசாமி என்ற நாயக்க இளவரசனை ஆங்கிலேயர் கண்டி அரியணையில் அமர்த்தினர். ஜூன் மாதம் நோயால் நலிந்த படையுடன் மேஜர் டேவி சரணடைந்து வெளியேறினார். மகாவலி கங்கையின் கரையில் கண்டியர் இளவரசனைக் கேட்டபோது, தம்மை நம்பி வந்தவனைக் கையளித்தார். முத்துசாமி கொல்லப்பட்டான். பாதுகாப்பாகப் போகலாம் என்று கண்டியர் அளித்த வாக்கும் நிலைக்கவில்லை. ஆங்கிலப் படையினரும் வெட்டப்பட்டனர். டேவி கைதியாகவே மாண்டார்.

இந்தக் குருதி காயுமுன் மீண்டும் நம்பிக்கையை விதைத்தவர் ஜோன் டொயிலி. 1801இல் இலங்கை வந்த இந்தக் கேம்பிரிட்ஜ் பட்டதாரி, மாத்தறையில் கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். பிரதானிகளுக்கு அவர்களது மொழியிலேயே, அவர்களது மரியாதை வழக்கப்படியே கடிதம் எழுதினார். ஒற்றர்களின் செய்திகளை நாட்குறிப்பில் நாள்தோறும் பதிந்தார். துப்பாக்கி செய்ய இயலாததை இலக்கணப் பயிற்சி செய்து முடித்தது என்பேன்.

அவருடைய வலையில் முதன்மையானவர் எஹெலபொல. 1814இல் கிளர்ச்சி தோற்றுக் கொழும்புக்குத் தப்பியோடிவந்தார். கண்டியில் அவருடைய மனைவி மக்களை அரசன் கொல்வித்தான். மறு ஆண்டு ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. பெப்ரவரி 18ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். கோட்டையில் அவனது சிறை என்று காட்டப்படும் சிறு கூண்டை வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிப் போனால் இன்றும் பார்க்கலாம். அது வெறும் காவற்கூடே என்போரும் உண்டு. 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்ட அவன் 1832இல் அங்கேயே இறந்தான்.

அரியணை தமக்கு வரும் என்று எஹெலபொல எதிர்பார்த்தார். தேசாதிபதியும் படைத்தலைவருமான பிரவுன்றிக்கோ அரசுரிமையை ஆங்கில மன்னருக்கே எழுதிக்கொண்டார். பிரதானிகளின் உரிமைகளும் பௌத்த சமயமும் காக்கப்படும் என்ற வாசகங்கள் ஒப்பந்தத்தில் இருந்தன. இரண்டரை ஆண்டுகளுக்குள் ஊவாவில் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட கெப்பிட்டிபொல, எஹெலபொலவின் மைத்துனர். அவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். ஆனால் ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சேர்ந்தார்! இந்த முழுக்கதையிலும் வாங்கிய நம்பிக்கைக்குக் கணக்குத் தீர்த்தவர் அவர் ஒருவரே என்பது என் எண்ணம். 1818 நவம்பர் 26ஆம் திகதி அவரது தலை வெட்டப்பட்டது. மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், சுதந்திரத்தின் பின்னரே நாடு திரும்பியது.

அதே மாதம் 21ஆம் திகதிய பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களைப் பெரிதும் குறைத்துவிட்டது. எஹெலபொலவோ கிளர்ச்சியில் பங்கேற்காதிருந்தும் 1818இலேயே கைதானார்.

அமெரிக்காவின் செனக்கா மக்களுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. 1794இல் கனண்டைகுவாவில் அவர்களது நிலத்தை உறுதிப்படுத்தி ஒப்பந்தம் எழுதினார் ஜோர்ஜ் வாஷிங்டனின் தூதர் டிமதி பிக்கரிங். அதன்படி ஆண்டுதோறும் துணி இன்றும் வழங்கப்படுகிறது. 1960களில் கின்சுவா அணை அவர்களது நிலத்தில் ஏறத்தாழ 10,000 ஏக்கரை மூழ்கடித்தது. துணி மட்டும் நிற்கவில்லை.

டொயிலி 1824இல் கண்டியிலேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு எஹெலபொல மொறிசியஸுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அத்தீவிலேயே கண்மூடினார்.