பலகை, பந்தி, தீர்ப்பு: தமிழ்நாட்டு ஓட்டல்களின் ஒரு நூற்றாண்டு

தமிழ்நாட்டில் காசு கொடுத்து வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் பொதுவழக்கானது இருபதாம் நூற்றாண்டில்தான் என்றாலும், சமைத்த பண்டத்தை விலைக்கு விற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் கள் விற்ற பெண்களையும் அடுத்தடுத்துக் காட்டுகிறது. ஆனால் அவை வாங்கித் தின்று நடையைக் கட்டும் பண்டங்கள். இலை போட்டுப் பரிமாறும் முழுச் சாப்பாடு பிற்காலத்து வழிப்போக்கர்களுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் சத்திரமே. அரசரோ செல்வரோ நிலமானியம் விட்டு, பயணிகள் தங்கவும் உண்ணவும் ஏற்படுத்திய அறநிலையம்தான் சத்திரம் எனப்பட்டது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பாதையில் எழுப்பிய சத்திரங்களும், இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரமும் இவ்வகையில் பெயர்பெற்றவை. சத்திரத்துச் சோறு தானமாதலால், அதில் உப்புக் குறைந்ததென்றோ குழம்பு நீர்த்ததென்றோ சொல்வதற்கு உண்பவனுக்கு இடமில்லை. எந்தப் பந்தியில் அமர வேண்டும் என்பதையும் அவன் தேர்ந்தெடுக்க முடியாது, பிறந்த சாதியே அதை முடிவு செய்தது. சோற்றுக்கு விலை வந்த பின்னரே உண்பவனின் தீர்ப்புக்கும் மதிப்பு வந்தது. அதுவும் எல்லோருக்கும் ஒரே காலத்தில் வரவில்லை.

1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கு ஓடிய முதல் ரயில், நீண்ட பயணத்தைச் சாதாரண மக்களுக்கும் உரியதாக்கியது. கட்டுச்சோறு கெடுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாத தொலைவுகளுக்கு மக்கள் போகத் தொடங்கியதும், யார் சமைத்ததை எங்கே உட்கார்ந்து உண்பது என்ற கேள்வி நிலையங்கள்தோறும் எழுந்தது. ஐரோப்பியர், இந்துக்கள், இசுலாமியர் என்று சிற்றுண்டிச் சாலைகள் பிரிந்தன. இந்துக்களுக்கான சாலையின் உள்ளேயே பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அதே காலத்தில் நீதிமன்றத்துக்கு வந்த வழக்காளிகளும், கல்லூரிக்கு வந்த மாணவர்களும், குடும்பத்தை ஊரில் விட்டு அரசு அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் நகரங்களில் பெருகினர். இவர்களுக்காகத் தோன்றியவையே மாதக் கணக்கில் சாப்பாடு போட்ட ‘மெஸ்’களும், காப்பியும் பலகாரமும் விற்ற ‘காப்பி கிளப்பு’களும். ‘கிளப்பு’ என்றால் உறுப்பினர்கள் கூடும் மன்றம் என்று அன்றைய தமிழர் யாரும் எண்ணவில்லை. இட்லியும் காப்பியும் கிடைக்கும் கடை என்றே அந்தச் சொல் ஊர்தோறும் வழங்கியது.

இக்கடைகளின் வாசலில் தொங்கிய ‘பிராமணாள் காப்பி கிளப்’ என்ற பலகை, அந்தக் காலத்து உணவுத் தீர்ப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதற்குச் சான்று. பிராமணர் சமைத்ததை மற்றச் சாதியார் உண்ணலாம், மற்றவர் சமைத்ததைப் பிராமணர் உண்ணலாகாது என்பது அக்கால வழக்காதலால், அந்தப் பலகை எல்லா வாடிக்கையாளரையும் உள்ளே இழுக்கும் வணிக உத்தியாகப் பயன்பட்டது. உள்ளே நுழைந்தபின் நிலைமை வேறு. பிராமணர்க்கு உட்கூடம், பிறர்க்கு வெளிக்கூடம் என்று தடுப்புகள் இருந்தன. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்கு நுழைவே கிடையாது. ஆக, நாக்கு சொல்ல வேண்டிய தீர்ப்பைப் பலகை முன்கூட்டியே சொல்லிவிட்டது. சமைத்தவரின் பிறப்பையே சுத்தத்துக்கும் சுவைக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொண்ட இந்த வழக்கம், தமிழ்நாட்டு ஓட்டல் வரலாற்றில் மிக ஆழமாகப் பதிந்த கறை என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

பலகையைக் கடந்து சமையலே ஒரு கடையின் பெயரை நிறுத்தும் நிலையை உருவாக்கியதில், தென்கன்னட மாவட்டத்திலிருந்து வந்த உடுப்பி ஓட்டல்காரர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவர்களும் பிராமணரே என்பதும், அவர்களது தொடக்ககாலக் கடைகளும் அதே சாதி ஒழுங்குக்கு உட்பட்டிருந்தன என்பதும் உண்மை. ஆனால் உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலைச் சூழ்ந்த எட்டு மடங்களில் நாள்தோறும் பெருங்கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய மரபு அவர்களிடம் இருந்தது. ஒரே பண்டத்தை நூறு பேருக்கும் ஒரே பக்குவத்தில் தருவது எப்படி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எளிய வேலைகளில் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் ‘உடிப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ்’ நடத்திய கே. கிருஷ்ணராவ், 1938இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரசருக்குச் சொந்தமான ‘உட்லண்ட்ஸ்’ மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து, தங்கும் அறைகளும் சைவ உணவுக்கூடமும் கொண்ட ஓட்டலாக்கினார். அதுவரை வெள்ளைக்காரர் ஓட்டல்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட மேசை விரிப்பும் சீருடையும் விசாலமான கூடமும் இட்லி, தோசைக்கும் கிடைத்தது அப்போதுதான். 1962இல் கத்தீட்ரல் சாலையில் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில் அவர் தொடங்கிய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ், காரைவிட்டு இறங்காமலே சாப்பிடும் வசதியைச் சென்னைக்குக் காட்டியது. 2008இல் மூடப்பட்ட அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது.

சைவ ஓட்டலுக்குச் சென்றவர் எதைக் கொண்டு மதிப்பிட்டார் என்பதை, பண்டங்களின் பக்குவமே விளக்கும். காப்பியில் முதல் சோதனை பாலுக்கு. தண்ணீர் கலவாத பசும்பால் என்பதை வலியுறுத்தவே ‘டிகிரி காப்பி’ என்ற விளம்பரம் எழுந்தது; பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியின் அளவைக் குறித்தே அப்பெயர் வந்ததென்பர். அடுத்த சோதனை டிகாக்‌ஷனுக்கு: ஒரு முறை இறக்கிய தூளிலேயே மீண்டும் வெந்நீர் ஊற்றி எடுத்த இரண்டாம் டிகாக்‌ஷனா, சிக்கரி மிகுந்ததா என்பதை முதல் வாயிலேயே சொல்லிவிடக்கூடிய வாடிக்கையாளர்கள் எல்லா ஊரிலும் இருந்தனர். இட்லியில் அரிசிக்கும் உளுந்துக்கும் உள்ள விகிதம், மாவு புளித்த அளவு, ஆவியில் வெந்த நேரம் ஆகிய மூன்றும் கைவிரல் பட்டதுமே தெரிந்துவிடும். கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு உளுந்தைக் குறைத்தால் ஆதாயம், ஆனால் குறைத்த அன்றே இட்லி கல்லாகிக் கடையின் பெயரைக் கெடுத்துவிடும். ஆட்டுக்கல்லில் ஆட்கள் விடிய விடிய அரைத்த மாவின் அளவே ஒரு கடை விற்கக்கூடிய இட்லியின் எல்லையாக இருந்த நிலையை, 1950களில் கோயம்புத்தூரில் உருவான மின் அரைவை இயந்திரம் மாற்றியது. அதன்பின் மாலையிலும் இரவிலும் சூடான இட்லி கிடைப்பது ஒரு நல்ல ஓட்டலின் இலக்கணமாயிற்று.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான தேர்வு சாம்பாருக்கே வைக்கப்பட்டது. இட்லிக்கும் தோசைக்கும் விலை உண்டு. சாம்பாருக்கும் சட்னிக்கும் தனி விலை கிடையாது. கேட்கக் கேட்க வாளியிலிருந்து ஊற்ற வேண்டும் என்பது தமிழ்நாட்டு ஓட்டலின் எழுதாத சட்டம். எனவே முதலாளியின் மனம் விலைப்பட்டியலில் வெளிப்படாமல், விலையில்லாத சாம்பாரில் வெளிப்பட்டது. துவரம்பருப்பு விலை ஏறிய மாதங்களில் சாம்பார் நீர்ப்பதும், தேங்காய் விலை ஏறினால் சட்னியில் பொட்டுக்கடலை மிகுவதும், இரண்டாம் முறை வாளி வருவதற்குத் தாமதமாவதும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தப்பவில்லை. குறிப்பிட்ட கிண்ணங்களின் அளவோடு நிற்கும் ‘அளவுச் சாப்பாடு’, வயிறு நிறையும் மட்டும் பரிமாறும் ‘முழுச் சாப்பாடு’, அடுக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கு வாங்கிச் செல்லும் ‘எடுப்புச் சாப்பாடு’ என்று வகைகள் பிரிந்தபோதும், கொடுக்கும் கையின் தாராளமே கடையின் தரமாகப் பேசப்பட்டது. உணவை மதிப்பிடும் இந்த முறையில் சத்திரத்தின் நினைவு தொடர்வதாகவே கொள்ள வேண்டும்: விலை கொடுத்து உண்டாலும், உபசரிப்பை விலைக்கு அப்பாற்பட்டதாகவே உண்பவர் எதிர்பார்த்தார்.

புலால் ஓட்டல்களின் வரலாறு இதற்கு இணையாகவே ஓடியது, ஆனால் எழுத்தில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. இறைச்சி உணவு கிடைக்கும் என்பதை அறிவிக்க ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயர் பரவியது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய குடும்பங்கள், தங்கள் ஊர்த் தெய்வத்தின் பெயரால் ‘முனியாண்டி விலாஸ்’ என்ற கடைகளை 1930கள் தொட்டு ஊர் ஊராகத் திறந்தன. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான கடைகள் இருந்தும் இவை ஒரே நிறுவனத்துக்குரியவை அல்ல. உறவும் ஊரும் நேர்த்திக்கடனும் சேர்ந்து அவற்றைப் பிணைத்தன. அன்றாட விற்பனையில் ஒரு பங்கைத் தெய்வத்துக்கென எடுத்துவைத்து, ஆண்டுக்கொரு முறை வடக்கம்பட்டியில் கூடி, கிடா வெட்டிப் பிரியாணி சமைத்து வந்தவர்க்கெல்லாம் பிரசாதமாக வழங்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. இக்கடைகளில் சாப்பாடு மட்டும் வாங்கியவருக்கும் ஆட்டுக்கறிக் குழம்பும் கோழிக் குழம்பும் மீன் குழம்பும் சோற்றின்மேல் ஊற்றப்படும். சுக்காவோ ஈரலோ வாங்க வசதியில்லாத கூலியாளும் அந்தக் குழம்பைக் கொண்டே கடையை எடைபோட்டுவிட முடியும். பிரியாணிக்கு வேறு அளவுகோல்கள் இருந்தன. 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு தொடங்கி, பின்னர் தலப்பாக்கட்டி என்று பெயர்பெற்ற கடை சீரகச் சம்பா அரிசியைத் தன் அடையாளமாக்கியது. 1951இல் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய புகாரி ஓட்டலைத் தவிர்த்துச் சென்னைப் பிரியாணியைப் பற்றிப் பேச முடியாது.

உணவைப் போலவே பரிமாறுதலும் தீர்ப்புக்குள்ளாயிற்று. பலகாரங்களுக்குப் பொறுப்பான சரக்கு மாஸ்டரும் தோசை மாஸ்டரும் அடுக்களைக்குள் மறைந்திருக்க, உண்பவர் கண்ணில் பட்டவர் சர்வர் ஒருவரே. நான்கைந்து மேசைகளின் தேவைகளைக் காகிதமின்றி நினைவில் வைத்து, அடுக்களைக்குக் குரல் கொடுத்து, கடைசியில் கணக்கையும் மனத்திலேயே கூட்டிச் சொன்ன அந்தத் திறமை சாதாரணமானதன்று. தமிழ் வார இதழ்கள் ஓட்டல் சர்வரை நகைச்சுவைத் துணுக்குகளின் நிரந்தரப் பாத்திரமாக்கின. ஆறிய தோசையும் ஈ விழுந்த சாம்பாரும் தாமதமும் அத்துணுக்குகளில் ஓயாமல் வந்தன. உணவு விமர்சனம் என்ற தனிப்பகுதி இதழ்களில் இடம்பெறாத அக்காலத்தில், வாடிக்கையாளர் குறைகளின் பதிவேடாக அத்துணுக்குகளைப் படிக்கலாம். 1964இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ திரைப்படத்தில் நாகேஷ், அந்தத் துணுக்குப் பாத்திரத்துக்கு மனமும் மானமும் உண்டென்று காட்டினார். ஊரைவிட்டு வந்து, கடையிலேயே உண்டு, இரவில் கடைப் பெஞ்சிலேயே படுத்த இளைஞர்களின் உழைப்பில்தான் ‘நல்ல சர்வீஸ்’ என்ற பெயர் நின்றது. அவர்களது வேலை நேரத்துக்கும் ஓய்வுக்கும் வரம்பு கட்டிய உணவு நிறுவனங்கள் சட்டம் சென்னை மாநிலத்தில் 1958இல்தான் வந்தது.

பெண்கள் உணவகத்தில் அமர்ந்து உண்ணத் தொடங்கியது தனியே எழுத வேண்டிய பெரிய கதை. திரையிட்ட ‘ஃபேமிலி ரூம்’களின் வழியாகவே பெரும்பாலோர்க்கு அந்த வாய்ப்புக் கிட்டியது என்பதை மட்டும் இங்கே குறிக்கலாம்.

பலகைக்கும் பந்திக்கும் எதிரான போராட்டத்தைச் சுயமரியாதை இயக்கம் தொடங்கிவைத்தது. பெரியார் ஈ.வெ.ராமசாமியும் அவருடைய தோழர்களும், எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்கும் ரயில்வேயில் சாப்பிட மட்டும் தனித்தனி இடமா என்று கேட்டுத் தொடர்ந்து கிளர்ச்சி செய்ததன் பயனாக, 1941இல் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற பிரிவினை நீக்கப்பட்டது. நகரத்து ஓட்டல்களின் பெயர்ப்பலகைகள் அதன்பின்னும் நீடித்தன. திருவல்லிக்கேணியில் ‘பிராமணாள்’ என்ற சொல்லைத் தாங்கியிருந்த முரளி கபே முன்பு 1957 மே மாதம் திராவிடர் கழகத்தார் தொடங்கிய மறியல், நாள்தோறும் தொண்டர்கள் கைதாகிச் சிறை சென்றபடியே 1958 மார்ச் வரை நடந்து, அச்சொல் பலகையிலிருந்து நீங்கியபின்னரே முடிந்தது. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை செல்ல வேண்டுமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அந்த ஒரு சொல் வாசலில் இருந்தவரை, உள்ளே யார் எங்கே உட்காரலாம் என்ற பழைய கட்டளையும் உயிரோடு இருந்தது என்பதே அதற்குரிய விடை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைய மதம், சாதி, பாலினம் எதுவும் தடையாகக் கூடாது என்று விதித்தது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், உணவகத்தில் ஒருவரை அந்தக் காரணத்தால் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. நகரங்களில் இதன் விளைவு விரைவாகத் தெரிந்தது. பல்வேறு சாதியார் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து, எதிரில் இருப்பவர் யாரென்று கேட்காமல் காப்பியின் சூட்டைப் பற்றி மட்டும் குறைப்பட்டுக்கொள்வது அன்றாடக் காட்சியாயிற்று. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் அவ்வாறு நடக்கவில்லை. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் ‘இரட்டைக் குவளை’ முறை பல மாவட்டங்களில் தொடர்ந்ததைச் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் கள ஆய்வுகள் பதிவுசெய்தன. புகார்கள் எழுந்த இடங்களில் கண்ணாடிக் குவளை பிறர்க்கும், குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் குவளை தலித்துகளுக்கும் என்று அதே பிரிவினை உருமாறியது. அத்தகைய கடைகளின் வாசலுக்கு வெளியே நின்று தேநீர் குடித்தவர்கள், ஊரே புகழ்ந்த டீ மாஸ்டரின் கைப்பக்குவத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எந்த உணவு வரலாற்றிலும் இன்னும் எழுதப்படவில்லை.