நான்ட் அரசாணை நீக்கம் (1685)

பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி, தம் நாட்டுப் புரோட்டஸ்டண்டுகளின் வழிபாட்டுரிமையை 1685 அக்டோபரில் ஃபோன்டென்புளோ அரசாணையால் பறித்த நிகழ்வு. நான்ட் அரசாணை மூலம் 1598இல் அவ்வுரிமையை வழங்கியவர் அவருடைய பாட்டனார் நான்காம் ஹென்றி. கால்வினின் போதனையைப் பின்பற்றிய இம்மக்கள் ஹியூகனாட்டுகள் எனப்பட்டனர்.

ஹியூகனாட்டுகளின் கோட்டையான லா ரொஷேல் நகரம் 1628இல் பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷலியூவிடம் வீழ்ந்தது. மறு ஆண்டில் ஹியூகனாட்டுகள் கோட்டைகளையும் படைபலத்தையும் இழந்தனர். வழிபாட்டுரிமை மட்டும் எஞ்சியது. அதன்பின் அவர்களால் அரியணைக்கு ஆபத்து இருந்ததாகச் சொல்ல இயலாது. ஃபிரோந்து கலகத்தில் கத்தோலிக்கப் பிரபுக்கள் பலர் சிறுவயது அரசர் பதினான்காம் லூயிக்கு எதிராகக் கிளம்பியபோதும் இவர்கள் பெரும்பாலும் அரசர் பக்கமே நின்றனர். 1652இல் அரசரே அந்த விசுவாசத்தைப் பாராட்டினார். எனவே பின்னாளைய ஒடுக்குமுறைக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். நாட்டுக்கு ஒரே சமயம் என்ற கொள்கை அதில் முதன்மையானது. ஆயர் இல்லாத மறைமாவட்டங்களின் வருவாய் தொடர்பாகத் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்டுடன் லூயி பூசலிட்டு வந்ததால், தம் கத்தோலிக்கப் பற்றை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது.

முதலில் பணத்தால் முயன்றார்கள். மதம் மாறுவோருக்குப் பணம் கொடுக்க 1676இல் ஒரு நிதி ஏற்பட்டது. அதை நடத்திய பெலிசோன், தாமே மதம் மாறியவர். 1681இல் ஏழு வயதுக் குழந்தையும் பெற்றோர் சம்மதமின்றி மதம் மாறலாம் என்றானது. அதே ஆண்டு புவாத்து மாகாணத்தில் ஹியூகனாட்டு வீடுகளில் குதிரைப்படையினரைத் தங்கவைத்தனர். அவர்களுக்குச் சோறு போட்டே குடும்பங்கள் நொடித்துப்போயின. அடி உதையும் உண்டு. மதம் மாறினால் படைவீரர் வெளியேறிவிடுவர். 1685இல் இம்முறை பெயார்னுக்கும் தெற்கு மாகாணங்களுக்கும் பரவியபோது ஊர் ஊராக மக்கள் கையெழுத்திட்டனர். பெயர்ப்பட்டியல்கள் வெர்சாயில் குவிந்தன.

புதிய அரசாணையின் முன்னுரை இப்பட்டியல்களை நம்பி எழுதப்பட்டது. புரோட்டஸ்டண்டுகளில் பெரும்பகுதியினர் மதம் மாறிவிட்டதால் பழைய ஆணை பயனற்றது என்கிறது அது. ஆனால் அதே ஆணை, நாட்டைவிட்டு ஓட முயலும் ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனையும், பெண்களுக்குச் சிறையும் விதிக்கிறது. பட்டியலை அரசாங்கமே முழுதாக நம்பவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. போதகர்களுக்கு மட்டும் மதம் மாறவோ வெளியேறவோ 15 நாள் தவணை தரப்பட்டது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன.

தடையை மீறி ஏறக்குறைய 2 லட்சம் பேர் தப்பிச் சென்றதாக மதிப்பிடுவர். பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஃபிரடரிக் வில்லியம் சில வாரங்களுக்குள் போட்ஸ்டாம் ஆணை பிறப்பித்து அவர்களை வரவேற்றார். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெசவு செழித்தது. சிலர் டச்சுக்காரர் வசமிருந்த நன்னம்பிக்கை முனைவரை சென்றனர். வெளியேறியவர்களைத் திரும்ப அழைக்குமாறு கோட்டைப் பொறியாளர் வோபான் 1689இல் எழுதிய குறிப்புக்குப் பலனில்லை.

உள்நாட்டில் இருந்தவர்கள் மலைகளிலும் காடுகளிலும் கூடி வழிபட்டனர். செவென் மலைப்பகுதியில் 1702இல் கமிசார்டு கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஜான் கவாலியே ரொட்டிக் கடையில் தொழில் பழகியவர். கிளர்ச்சி சில ஆண்டுகளில் அடங்கியது, மறைவான வழிபாடு அடங்கவில்லை. 1787இல் பதினாறாம் லூயியின் ஆணை இவர்களின் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்ய மட்டும் இடம் தந்தது. பொது வழிபாட்டுரிமை பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே கிடைத்தது.