வர்மமும் தொக்கணமும்

பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையின் மருங்கில், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது ஹெப்பகோடி என்னும் ஊர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டபோது அங்கும் ஒரு நிலையம் அமைந்தது. நாளெல்லாம் இயந்திரத்தின் முன் நிற்போரும் கணிப்பொறியின் முன் குனிந்திருப்போரும் நிறைந்த இத்தகைய தொழிலூர்களில் கழுத்து வலியும் இடுப்பு வலியும் அன்றாடப் பேச்சு. விரலால் ஓர் இடத்தை அழுத்துவது அக்குபிரஷர். உள்ளங்கையால் தசையைப் பிசைவது மசாஜ். இவ்விரண்டும் வெவ்வேறு கலைகள், முன்னது சீனத்திலிருந்து வந்தது என்றே பலரும் கருதுகின்றனர். தமிழ் வழங்கும் தென்கோடியில் இவ்விரண்டும் ஒரே கையின் தொழிலாக விளங்கிய வரலாற்றை நேயர்களுக்கு இங்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சித்த மருத்துவம் அகமருந்து 32 என்றும், புறமருந்து 32 என்றும் வகுத்துள்ளது. புறமருந்துகளுள் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும். நூலறிவு மட்டுமே உடைய ஒருவர் ஏட்டில் அமர்ந்து எழுதிய பட்டியல் அன்று இது, கைப்பழக்கத்தில் பிறந்த பட்டியல் என்பது விளங்கும். அழுத்தல் என்பது ஒன்பதனுள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருப்பதையும் நேயர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

இனி, எங்கே அழுத்துவது என்ற வினாவுக்கு விடை கூறுவது வர்ம நூல். உயிர்நிலை தங்கும் இடங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் அந்நூல்கள் பகுக்கின்றன. வர்மத்தைக் 'காலம்' என்றும் வழங்குவர். காறை எலும்பின் மேலுள்ள பள்ளத்தில் காக்கட்டைக் காலம். பிடரியின் அடியில் முடிச்சு வர்மம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே காலில் விருத்தி காலம். வடமொழியில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூலும் 107 மர்மங்களைக் கூறுகிறது: தசையில் 11, குழாய்களில் 41, நாண்களில் 27, எலும்பில் 8, மூட்டுகளில் 20. ஆயினும் இரண்டு மரபுகளின் நோக்கும் ஒன்றல்ல. சுசுருதர் கத்தி ஏந்திய மருத்துவர். அறுக்கும்போது எவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதே அவருடைய முதற் கவலை. தென்னாட்டு ஆசானோ அதே இடத்தை விரலால் தொட்டு, உயிர்ப்பை மீட்க முனைகின்றார்.

இந்த ஆசான்மார் வாழ்ந்த நிலம் முன்னாளில் தென் திருவிதாங்கூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அடிமுறையும் சிலம்பமும் பயின்ற நாடு அது. பனையேற்றுத் தொழிலும் மிகுந்த நாடு. அடி கொடுக்கத் தெரிந்தவனுக்கு அடியின் இளக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது களத்தின் முறை. ஆதலால் போர்க்கலையும் மருத்துவமும் ஒரே ஆசானிடம் தங்கின. 'ஒடிவு முறிவு சாரி' போன்ற நூல்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் முறையை வர்மத்தோடு சேர்த்தே பேசுவதற்குக் காரணம் இதுவே.

அவர்கள் மருத்துவம் செய்த முறை என்ன? முதலில் அடங்கல் எனப்படும் இடங்களை விரலால் தூண்டி, தடைப்பட்ட ஓட்டத்தை இளக்குவர். பின்னர்க் காயத்திருமேனித் தைலம் முதலிய எண்ணெய்களைப் பூசித் தடவுவர். மூட்டுகளை இழுத்தும் அசைத்தும் பழைய நிலைக்குக் கொணர்வர். அதன்மேல் கஷாயம், பத்தியம், ஓய்வு. அழுத்தத்தின் அளவை 'மாத்திரை' என்னும் அலகால் குறித்தனர். மிகுந்தால் மருந்தே அடியாகிவிடும். இடத்தை அளப்பதற்கு நோயாளியின் விரலகலமே கோல். சீன மருத்துவரும் நோயாளியின் பெருவிரல் அகலத்தையே அளவாகக் கொண்டனர் என்பது வியப்புக்குரிய ஒற்றுமை. இதைக் கொண்டு யார் யாரிடம் கற்றார் என்று வழக்காடுவது வீண் வேலை என்பது என் கருத்து. சப்பானில் நாமிகோஷி டோகுஜிரோ வளர்த்த ஷியாட்சு முறையிலும் விரலழுத்தமும் உடலை நீட்டிவிடுதலும் கலந்தே வருகின்றன.

நம் நாட்டில் சீன முறை வேரூன்றிய கதை வேறு. 1938ஆம் ஆண்டு இந்தியத் தேசிய காங்கிரஸ் சீனத்துக்கு அனுப்பிய ஐந்து மருத்துவருள் கோட்னிஸ் அங்கேயே 1942இல் உயிர் நீத்தார். அவருடன் சென்ற வங்காளத்து மருத்துவர் பிஜோய் குமார் பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று, அக்குபங்சர் கற்றுக் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார்.

அழுத்தினால் வலி ஏன் தணிகிறது? இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தாமாகவே தேய்த்துவிடுகிறோம் அல்லவா? 1965ஆம் ஆண்டு மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு விளக்கம் கூறினர். தொடுகையைச் சுமந்து செல்லும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகள் கொணரும் வலிச் செய்திக்குத் தண்டுவடத்தில் ஒரு வாயில் ஓரளவு அடைபடுகிறது என்பது அவர்கள் கொள்கை. இது பின்னர்ப் பல திருத்தங்களைப் பெற்றது. எனினும் 108 இடங்களுக்கும் தனித்தனியே ஆற்றல் உண்டு என்பதை இக்கொள்கை நிலைநாட்டிவிடவில்லை. 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அண்மையில் தோன்றிய இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்னரே மசாஜ், அக்குபங்சர், வெப்பம் ஆகியவற்றை நாடலாம் என்றது. 2016இல் வெளியான இங்கிலாந்தின் நெறிமுறையோ இடுப்பு வலிக்கு அக்குபங்சர் வேண்டாமென்று கூறி, கைம்முறையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தரவேண்டும் என்றது. அறிஞர் அவையே இருவேறு தீர்ப்புக் கூறும்போது, விளம்பரப் பலகையின் உறுதிமொழிக்கு என்ன மதிப்பு? கழுத்தை வெடுக்கெனத் திருப்புதல் இரத்தக்குழாயைக் கிழிக்கக்கூடும். வலியோடு காய்ச்சலோ, கால் மரத்தலோ, சிறுநீர் அடைப்போ இருப்பின் எந்தக் கையையும் நம்பி நாளைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டு பணிவிடை செய்த மாணவனுக்கே வர்மம் உரைக்கலாம் என்பது பழைய கட்டுப்பாடு. கொல்லவும் வல்ல அறிவைத் தீயோர் கையில் சேராது காத்ததில் நியாயம் உண்டு. மாணவன் வாய்க்காத ஆசானோடு அவர் அறிந்ததெல்லாம் சுடுகாடு சென்றதும் உண்டு. பாளையங்கோட்டையில் 1964இல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது; தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. வர்மம் இன்று பாடமாகவும் தேர்வாகவும் நடைபெறுகிறது. ஆனால் களரியில் கற்ற ஆசானுக்குப் பட்டம் இல்லை. அங்கீகாரம் பெற்ற தகுதியின்றிப் பரம்பரை வைத்தியர் மருத்துவத் தொழில் செய்ய இயலாது என்று 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கேரளத்துப் பரம்பரை வைத்தியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பை எண்ணினால் அத்தீர்ப்பைக் குறை கூறுவதற்கில்லை. கல்லூரி மாணவர் நூலில் 'மாத்திரை' என்று படிக்கின்றார். கால் மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய விரலுக்கு உணர்த்த வல்ல முதியவர்களுட் பலர் சட்டத்தின்படி மருத்துவர் அல்லர். அவர்களை மருத்துவராக அன்றி, கைப்பயிற்சி தரும் ஆசிரியராகவேனும் கல்லூரிக்குள் அழைத்து அமர்த்தலாம். அதற்குத் தீர்ப்பில் தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.