துயிலுக்கு ஒருமித்த இசைவு: லினக்ஸ் கெர்னலில் செயலி ஓய்வுநிலை ஒருங்கிணைப்பின் வரலாறு

கணிப்பொறியின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. செயலி வேலையின்றி இருக்கும் நேரம் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. ஆனால் ஒரு கைப்பேசியின் செயலி நாளின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கிறது. மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது அந்தச் சும்மா இருத்தலின் தன்மையைப் பொறுத்தது. ஒரு செயலி எப்போது, எவ்வளவு ஆழமாக ஓய்வுகொள்ளலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்ற வினாவுக்கு 2007க்கும் 2022க்கும் இடையில் லினக்ஸ் கெர்னலில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இதனை மின்சேமிப்பின் வளர்ச்சியாகக் கூறுவது வழக்கம். முடிவெடுக்கும் உரிமை கைமாறிய வரலாறாகக் காண்பதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வேலை இல்லாதபோது செயலியை நிறுத்திவைக்கும் கட்டளை இன்டெல் 8086 காலத்திலேயே இருந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஏசிபிஐ வரையறை ஓய்வைப் படிநிலைகளாகப் பகுத்தது. ஆழ்ந்த படியில் மின்செலவு குறையும்; விழித்தெழும் நேரம் கூடும். தமிழில் இப்படிநிலைகளுக்குச் சொல் தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கண்ணயர்வு, உறக்கம், துயில் எனத் தரப்படுத்திப் பேசும் மொழி இது. குறுக்கீட்டு அழைப்பு வந்தவுடன் எழும் மேலோட்டமான ஓய்வுநிலைக்கு ‘அறிதுயில்’ என்பதைவிடச் செறிவான கலைச்சொல் இருப்பதாகத் தோன்றவில்லை.

2007 ஏப்ரலில் வெளிவந்த லினக்ஸ் 2.6.21, வேலையற்ற செயலியைக் கடிகாரத் துடிப்பு ஓயாமல் எழுப்பும் வழக்கத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் வெங்கடேஷ் பள்ளிபாடி, ஷாவ்ஹுவா லீ, ஆடம் பெலே ஆகிய மூவரும் ‘சிபியுஐடில்’ என்னும் கட்டமைப்பை விளக்கிக் கட்டுரை அளித்தனர். 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் அது கெர்னலில் இடம்பெற்றது. எந்த ஓய்வுநிலையைத் தேர்வது என்ற கொள்கையையும், அந்நிலைக்குள் செயலியை இட்டுச்செல்லும் இயக்கியையும் இருவேறு பகுதிகளாகப் பிரித்ததே அதன் சிறப்பு. எனினும் ஒவ்வொரு கோரும் தன் ஓய்வைத் தானே முடிவு செய்யும் என்ற எடுகோள் அதனுள் இருந்தது. இன்டெல் செயலிகளுக்கு அது பொருந்தியது; கோர்களின் தனித்தனிக் கோரிக்கைகளை வன்பொருளே ஒப்பிட்டு இசைவித்துக்கொண்டது.

2011இல் இரு கோர் ஆர்ம் சில்லுகள் கைக்கருவிகளுக்கு வந்தபோது இவ்வெடுகோள் உடைந்தது. மோட்டோரோலா ஜூம் டேப்லெட்டில் இருந்த டெக்ரா 2 சில்லில் 0 என எண்ணிடப்பட்ட கோர்தான் கடைசியாக அணைய வேண்டும். கேலக்ஸி நெக்சஸ் கைப்பேசியின் ஓமேப் 4460 சில்லிலோ ஒரு வன்பொருள் பிழை: அணைந்த கோர் மீண்டும் எழும்போது, மற்றக் கோர் உரிய மாற்றுவழியை நிறைவேற்றாவிட்டால், பொதுவான குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் நிலை சிதைந்துவிடும். ஆகவே ஒரு கோர் தன் விருப்பப்படி ஆழ்ந்து துயில இயலாது.

முதலில் கைக்கொள்ளப்பட்ட தீர்வு எளியது: சுமை குறைந்தால் இரண்டாம் கோரை இயங்குதளத்திலிருந்தே நீக்கிவிடுதல். ஹாட்பிளக் எனப்படும் இம்முறை செலவு மிக்கது. ஆகவே அடிக்கடி செய்ய முடியாது. சுமை கூடிய பின் கோர் திரும்பிவரச் சில நொடிகள்கூட ஆயின. 2012இன் சென்னை மின்வெட்டை அறிந்தவர்க்கு இம்முறையின் குறை எளிதில் விளங்கும். மேற்கு மாம்பலத்துத் தெருக்களிலும் அப்போது முறைவைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றது. வீட்டில் மாவு அரைபடுகிறதா, தேர்வுக்குப் படிக்கிறார்களா என்று அட்டவணை கேட்பதில்லை. மொத்தச் சுமையைப் பார்த்து மேலிருந்து அணைப்பதே இரண்டிற்கும் பொது.

அதே 2012 ஜூலையில் வெளியான லினக்ஸ் 3.5 பதிப்பில், கூகுள் ஆண்ட்ராய்டு குழுவின் காலின் கிராஸ் எழுதிய ‘இணைந்த ஓய்வுநிலை’ நிரல் சேர்ந்தது. கூட்டுத் துயிலுக்குத் தயாரான கோர், தான் ஏற்கக்கூடிய ஆழத்தைப் பதிந்துவிட்டு அறிதுயிலில் காத்திருக்கிறது. கடைசிக் கோரும் தயாரானதும் அது மற்றவற்றை எழுப்புகிறது. துயிலச் செல்வதற்காக எழுப்புவது முரணாகத் தோன்றலாம். ஆனால் எழுந்தால்தான் உறுதிமொழி கேட்க முடியும். அந்த இடைவெளியில் ஏதேனும் ஒரு கோருக்குப் புதுவேலை வந்திருக்கக்கூடும். எனவே இரண்டாம் சுற்று ஒன்று உண்டு. ஒவ்வொன்றும் ‘ஆயத்தம்’ என்ற எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. எண்ணிக்கை முழுமையடைந்தால் அனைத்தும் ஏறத்தாழ ஒரே கணத்தில் இயக்கியின் துயில் செயல்கூறுக்குள் நுழைகின்றன. ஒன்று விலகினாலும் மற்றவை தம் எண்ணைக் கழித்துவிட்டு மீண்டும் தொடங்குகின்றன. இறுதியில் தேர்வாகும் ஆழம், பதியப்பட்டவற்றுள் மிக மேலோட்டமானது. காத்திருப்போர் எண்ணும் ஆயத்தமானோர் எண்ணும் பகுக்கவியலாத ஒரே மாறியின் இரு பாதிகளில் வைக்கப்பட்டன. ஒன்றைப் படித்து மற்றொன்றைப் படிப்பதற்குள் நிலைமை மாறிவிடும் இடர் இதனால் நீங்கியது. ஓமேப் 4 இயக்கிக் கோப்பின் தலைப்பில் சந்தோஷ் ஷிலிம்கர், ராஜேந்திர நாயக் எனும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிரலாளர் இருவரின் பெயர்கள் உள்ளன.

மேலாணையின் இடத்தை ஒருமித்த இசைவு பிடித்தது எனலாம். அது நீடிக்கவில்லை. ஆர்ம் நிறுவனம் பிஎஸ்சிஐ என்னும் வரையறையின் வழி, கோர்களை அணைத்து எழுப்பும் பொறுப்பைக் கெர்னலுக்குக் கீழே இயங்கும் நிலைபொருளிடம் கொடுத்தது. அதன் இயல்பு முறையில் கெர்னல் விண்ணப்பிக்க மட்டுமே செய்யும். கோர் தொகுதி முழுதும் எவ்வளவு ஆழ்வது என்பதை நிலைபொருள் தீர்மானிக்கும். ஒவ்வொரு சில்லின் வினோதங்களுக்கும் கெர்னல் ஈடுகொடுக்கத் தேவையில்லாமற் போனது உண்மையான நன்மையே. ஆனால் எவரும் படித்துத் திருத்தக்கூடிய நிரலில் இருந்த முடிவு, பெரும்பாலும் உற்பத்தியாளரே மாற்றக்கூடிய அடுக்குக்குள் இறங்கிவிட்டது. பிஎஸ்சிஐ 1.0 இயங்குதளமே தொடங்கும் மாற்றுமுறையை அனுமதித்தது; லீனா ஐயர், உல்ஃப் ஹான்சன் ஆகியோர் வளர்த்தெடுத்த அதற்கான ஆதரவு லினக்ஸ் 5.6 பதிப்பில் 2020இல்தான் முதன்மை நிரலை அடைந்தது.

ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்கான ஓய்வுநிலை இயக்கியை அனூப் பட்டேல் எழுதினார். அது 2022இல் லினக்ஸ் 5.18 பதிப்பில் சேர்ந்தது. அதுவும் நிலைபொருளை அழைத்தே செயல்படுகிறது. ஆனால் ஓப்பன்எஸ்பிஐ போன்ற அதன் நிலைபொருள் திறந்த நிரலாகவே கிடைக்கிறது. சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் உருவாகி, 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டிய ‘சக்தி’ செயலியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் வன்பொருள் வரைவும் திறந்த உரிமத்தில் உள்ளது. ஆகவே கெர்னல், நிலைபொருள், சில்லு எனும் மூன்று அடுக்குகளிலும் ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை ஓர் ஆய்வாளர் வரிவரியாகத் தொடர்ந்து செல்ல முடியும். டெக்ரா 2இல் 0ஆம் கோர் ஏன் கடைசியாக அணைய வேண்டியிருந்தது என்பதை ஆராய்வோருக்கு, சில்லின் வரைவு மூடியே இருப்பதால், அத்தகைய வாசிப்பு வாய்க்கவில்லை.