கரையும் காப்பும்

கடலை வயலாகக் கொண்ட நம் குலத்தார்க்குக் காப்பு விதிகள் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளிற் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டுக் கரையிலேயே தங்கினர் என்று பட்டினப்பாலை கூறுகின்றது. நம் ஊர்களிலும், கடலுக்குப் போகலாகாத நாள் இஃதென ஊர்ப் பஞ்சாயத்துக் கூடி உரைப்பின் அதற்கு அடங்குதல் வழக்கம். அவ்விதிகளை இயற்றினோரும் நாமே, ஒழுகினோரும் நாமே. பிற்காலத்து விதிகளோ வேறிடத்திற் பிறந்து நம் கரைக்கு வந்தன. அவற்றுள் நம் குடியிருப்பைத் தொட்ட ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

1991 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள் இந்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. கடலேற்றம் எட்டும் எல்லையினின்று நிலப்புறமாக 500 மீட்டர் வரை அதன் ஆளுகைக்குட்பட்டது. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் விலக்கப்பட்டது. கரையின் இயற்கையைக் காத்தலே அதன் நோக்கம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமி எழுந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய நம் குப்பங்கள் அன்று பட்ட துயரத்தை எழுதப் புகின் எழுதுகோல் ஓடாது. அதன்பின் அந்த 200 மீட்டரே மக்களின் உயிர்க்காப்பு எல்லையாகவும் கொள்ளப்பட்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2005 மார்ச்சு 30 ஆம் நாள் பிறந்த அரசாணை, அவ்வெல்லைக்குள் வீடிழந்தோர் அப்பாற் சென்றாற் புது வீடு உண்டென்றும், செல்லாதார் இருக்கலாம், ஆயின் அவ்வுதவி இல்லையென்றும் வகுத்தது. காரைக்காலிலும் புதுக்குடியிருப்புகள் பல கரையினின்று உள்ளே தள்ளி எழுந்தன.

கல்வீடு கிடைத்தது நன்மையே. அதனை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் மீனவன் வீடு உறங்குமிடம் மட்டுமன்று. வலை உலர்வதும், கருவாடு காய்வதும், வாராத படகை நோக்கித் தாய் விழித்திருப்பதும் வாசல்மணலிலேயாம். வீடு அகன்றால் படகிற்கும் வலைக்கும் காவல் குறையும். இயந்திரத்தைத் தோளிற் சுமக்கும் தூரம் நீளும். கருவாடு உலர்த்தும் பெண்டிர்க்கு வீட்டுப்பணியும் கரைப்பணியும் இருவேறிடமாகும். பெரும்படகுடையார் இவற்றைக் கூலியாளால் ஈடுசெய்வர். சிறுதொழிற் குடும்பம் தன் உடலாலேயே ஈடுசெய்தல் வேண்டும்.

'உயிரினும் தொழில் பெரிதோ?' என்பார் உளர். அன்று. ஆயினும் கரையின்றி நடவாத தொழில்களுக்கு அவ்வறிவிக்கையே விலக்கு அளித்துள்ளது, துறைமுகம் அத்தகையது. 2009 முதல் வாஞ்சூர்ப் பக்கத்தில் அத்தகைய துறைமுகமொன்று இயங்குகின்றது. அதற்குப் பொருந்தும் நியாயம் மீன்தொழிலுக்கும் பொருந்துமன்றோ?

இந்நியாயம் பின்னர் ஓரளவு ஏற்கப்பட்டது. 2011 ஜனவரி 6 ஆம் நாள் வெளிவந்த அறிவிக்கை, மீனவ ஊர்களையும், அவர்தம் பொதுநிலங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் கரைமேலாண்மை வரைபடத்திற் குறிக்க வேண்டுமென்றும், அம்மக்களின் நெடுங்கால வீட்டுத்தேவைக்குத் திட்டம் வகுக்க வேண்டுமென்றும் விதித்தது. வரைவுத் திட்டத்தின்மீது பொதுமக்கள் கருத்துரைத்தற்கும் இடமுண்டு.

அன்பர்காள்! வரைபடத்தில் இல்லாத களம் நாளை நமதென்று நாட்டுதற்கு அரிது. ஆதலின் ஒவ்வோர் ஊராரும் தம் களத்தையும் படகுத்துறையையும் அளந்தெழுதி, முதியோர் சொற்களைப் பதிந்து, பட்டாக்களைப் பேணி வைப்பாராக. எழுத்தறிந்த இளைஞர் அவ்வரைபடத்தைத் தம் ஊரார்க்குப் படித்துக் காட்டுவாராக. பண்டு காப்பு விதியை நாமே வகுத்தோம். இனி வகுக்கப்படும் அவையிலேனும் நம் சொல் ஒலித்தல் வேண்டும்.